ஸ்டெம் செல் ஆய்வு: கருவுக்காக வாதாடியவர்கள் நோயாளிக்காக ஏன் வாதாடவில்லை?

இளவேனில்

ஸ்டெம் செல் (தானும் பெருகி, வேறு வகைச் செல்லாகவும் முதிரக்கூடிய செல்) ஆய்வின் அறம் என்று எங்கே பேச்செடுத்தாலும், கரு உயிரா இல்லையா என்ற ஒரே இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. 1998இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்துக் காட்டியதிலிருந்து இதே கதைதான்; செல்லைப் பிரிக்கும்போது கரு அழிந்துவிடும். 2001 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்க அதிபர் புஷ், அன்றைக்கு முன் உருவான செல் தொடர்களுக்கு (ஒரு கருவிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் பெருக்கிக்கொண்டே போகும் செல்கள்) மட்டுமே மத்திய அரசின் பணம் என்று கோடு கிழித்தார். 2002இல் ஜெர்மனி தன் பங்குக்கு ஒரு கோடு கிழித்தது: உள்நாட்டில் கருவைத் தொடக்கூடாது, அந்த ஆண்டு பிறப்பதற்கு முன் வெளிநாட்டில் உருவான தொடர்களை அனுமதி பெற்று இறக்குமதி செய்துகொள்ளலாம். நாடாளுமன்றங்களும் திருச்சபைகளும் தத்துவப் பேராசிரியர்களும், ஐந்து நாள் வயதான, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாத ஒரு செல் திரளைச் சுற்றி நின்று வாதாடினார்கள்.

வாதாடியது தவறு என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்டெம் செல்லின் பெயரால் இதுவரை பார்வை இழந்தவர்களும் உயிரை விட்டவர்களும் படிவத்தில் கையெழுத்துப் போட்ட வளர்ந்த மனிதர்கள். அவர்களுக்காக இதே சூட்டோடு யாரும் வாதாடி நான் பார்க்கவில்லை. என் கட்சி இதுதான். மறுப்பவர்கள் வரலாம்.

யாழினி

விவாதத்துக்கு நடுவே ஒரு சாதாரணக் கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். நடை தளர்ந்துவிட்டது, எழுத்து சிறுத்துப்போய்விட்டது. வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து இரத்தக்குழாய் வழியாக ஏற்றினால் அது மூளைக்குப் போய்ப் பழுதைச் சரிசெய்துவிடும் என்று ஒரு சிகிச்சை மையத்தில் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவின் சொந்தச் செல்தானே, பக்க விளைவே வராது என்கிறார்கள். அண்ணன் முன்பணம் கட்டத் தயாராக இருக்கிறார். இதில் எவ்வளவு உண்மை? எனக்கு ஸ்டெம் செல் என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது.

நுண்ணோக்கி

சகோதரி, முதலில் முன்பணத்தை நிறுத்தி வையுங்கள். மற்றதைச் சொல்கிறேன்.

நான் ஆய்வகத்தில் இந்தச் செல்களை வளர்ப்பவன். ஒரு செல்லை ஸ்டெம் செல் என்று ஒப்புக்கொள்ள இரண்டு குணங்கள் வேண்டும். தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கிக்கொண்டே போக வேண்டும். வேறு வகைச் செல்லாக முதிரவும் வேண்டும். 1961இல் டொரண்டோவில் டில், மெக்கல்லக் என்ற இருவர், கதிர்வீச்சில் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜையை ஏற்றினார்கள். சில நாள்களில் அந்த எலிகளின் மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள் எழுந்தன. ஒவ்வொரு முடிச்சும் ஒற்றைச் செல்லிலிருந்து கிளைத்தது என்பது பின்னர் உறுதியானது. இன்று நடக்கும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைகள் ஏன் பலிக்கின்றன என்பதற்கு விளக்கம் கிடைத்தது அந்த முடிச்சுகளில்தான்.

ஆனால் எல்லா ஸ்டெம் செல்லும் எல்லாமாக மாறிவிடாது. வியாபாரம் நுழைவது இந்த இடத்தில். மஜ்ஜையில் இருப்பது இரத்தச் செல்களைத் தரும். தோலின் அடியடுக்கில் இருப்பது தோலைத் தரும். கொழுப்பிலிருந்து எடுப்பதை ஆய்வகத் தட்டில் தக்க மருந்துகளோடு வளர்த்தால் கொழுப்பாகவோ எலும்பாகவோ குருத்தெலும்பாகவோ ஆகலாம். அது உடம்புக்குள் போய், பார்க்கின்சனில் குறைந்துபோகும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்லாகத் தானாக மாறும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இரத்தக்குழாயில் ஏற்றினால் பெரும்பகுதி நுரையீரலின் நுண்குழாய்களிலேயே சிக்கிக்கொள்ளும். வழி விசாரித்துக்கொண்டு மூளைக்குப் போய்ச் சேர்வதெல்லாம் விளம்பரத் தாளில் மட்டும் நடக்கிற அதிசயம்.

எந்த வகைச் செல்லாகவும் ஆகக்கூடியவை கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லும், ஐபிஎஸ் செல்லும். ஐபிஎஸ் என்பது முதிர்ந்த செல்லைப் பின்னோக்கித் திருப்பி உருவாக்குவது. 2006இல் கியோட்டோவில் ஷின்யா யமனாகா எலியின் தோல் செல்லுக்குள் நான்கே மரபணுக்களைச் செலுத்தி அதைச் செய்தார். அடுத்த ஆண்டு மனிதத் தோல் செல்லிலும் செய்தார். 2012இல் நோபல் பரிசு. இந்த இரண்டு வகையையும் பக்குவப்படுத்தாமல் அப்படியே ஊசியில் ஏற்றினால் கட்டிதான் வரும். பல்லும் மயிரும் குருத்தெலும்பும் கலந்து கிடக்கும் டெரட்டோமா. ஒரு தொடர் உண்மையிலேயே எதுவாகவும் மாறக்கூடியதா என்று பார்க்க, நாங்களே எலிக்குள் அதைச் செலுத்தி அந்தக் கட்டியை வரவழைத்துச் சோதிப்பது உண்டு.

"சொந்தச் செல், பக்க விளைவு இல்லை" என்பதற்கு ஒரு பதில். 2017 மார்ச்சில் ஒரு முன்னணி மருத்துவ இதழில் வந்த செய்தி இது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 72 முதல் 88 வயது வரையிலான மூன்று பெண்கள், விழித்திரைச் சிதைவுக்காக, தங்கள் சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணுக்குள் ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். இரண்டு கண்ணிலும் ஒரே நாளில். மூவருக்கும் பார்வை பறிபோனது. புதிய சிகிச்சையைச் சோதிக்கும் எந்தக் கண் மருத்துவரும் இரண்டு கண்ணையும் ஒரே நாளில் தொடமாட்டார். ஒன்று போனாலும் ஒன்று இருக்கட்டும் என்பது பால பாடம்.

இளவேனில்

அந்த மூவரும் ஆளுக்கு 5,000 டாலர் கட்டினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசின் பரிசோதனைப் பதிவுத் தளத்தில் அது ஆய்வு என்று பதிவாகியிருந்தது. ஆய்வு என்று சொல்லிவிட்டு நோயாளியிடமே கட்டணம் வசூலித்தால், அங்கே யார் யாருக்கு உதவுகிறார்கள்?

அருள்தாஸ்

இளவேனில், நோயாளியை மறந்தார்கள் என்பதற்காகக் கருவைப் பற்றிய கேள்வி தீர்ந்துவிடுமா? நான் கருவின் பக்கம் நிற்பவன். மதத்தை இழுக்காமலே சொல்கிறேன்.

"செயற்கைக் கருத்தரிப்பில் மிஞ்சிய கருக்கள்; எப்படியும் அழிக்கப்போகிறார்கள்; ஆய்வுக்காவது உதவட்டும்." வழக்கமாக வைக்கப்படும் வாதம் இது. தூக்கு உறுதியான ஒரு கைதியிடம், எப்படியும் சாகப்போகிறாய் என்று சொல்லிச் சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளலாமா? அவனுக்கு வலிக்கும், கருவுக்கு நரம்பே இல்லை என்பீர்கள். மயக்க மருந்து கொடுத்துவிட்டு எடுத்தால் சரியாகிவிடுமா? ஆகாது. ஆக, வலி இங்கே அளவுகோல் இல்லை. மிஞ்சிய கருக்களை உண்டாக்கியதே நாம்தான். உண்டாக்கிவிட்டு, மிஞ்சிவிட்டதே என்பது என்ன நியாயம்?

யமனாகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நண்பரின் கருத்தரிப்பு மருத்துவமனையில் கருவை நுண்ணோக்கியில் பார்த்தபோது தன் மகள்களின் நினைவு வந்தது என்று அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். நம்மைப் போன்றவர்கள் முரண்டு பிடித்ததால்தான் ஆய்வாளர்கள் வேறு வழி தேடினார்கள். அறத்தின் நெருக்கடி அறிவியலைக் கெடுக்கவில்லை, வளர்த்தது.

இளவேனில்

கைதி உவமை வலுவானதுதான், மறுக்கவில்லை. ஆனால் கைதி யார் என்பது நமக்குத் தெரியும், அவன் ஒருவன். கரு கருப்பையில் ஊன்றிக்கொள்ளும் அந்த இரண்டு வாரங்களுக்குள் இரண்டாகப் பிரிந்து இரட்டையர் ஆகலாம். அதுவரை அங்கே இருப்பது ஒருவரா இருவரா என்றே தீர்மானமாகவில்லை. 1984இல் பிரிட்டனில் தத்துவ அறிஞர் மேரி வார்னாக் தலைமையிலான குழு, கருவை ஆய்வகத்தில் பதினான்கு நாளுக்கு மேல் வளர்க்கக்கூடாது என்ற எல்லையை முன்வைத்ததற்கு இது ஒரு காரணம். ஏறக்குறைய அந்த நாளில் கருவின் தட்டையான செல் படலத்தில் ஒரு கோடு விழுகிறது. தலை எது, வால் எது என்ற அச்சு அப்போதுதான் அமைகிறது. 1990இல் அது சட்டமானது. பல நாடுகள் பின்பற்றின.

ஐபிஎஸ் வெற்றியை உங்கள் கணக்கில் மட்டும் எழுதிக்கொள்வதும் முறையில்லை. யமனாகா முதலில் தேர்ந்தெடுத்தவை 24 மரபணுக்கள். அவற்றுள் பெரும்பாலானவை எதனால் பட்டியலில் ஏறின? கரு ஸ்டெம் செல்களில் அவை முக்கியமானவை என்று தெரிந்திருந்ததால். தாம்சனின் ஆய்வுக்கூடமும் 2007இல் மனித ஐபிஎஸ்ஸை உருவாக்கியது. கருவைத் தொட்டவர்கள் போட்ட பாதையில்தான் கருவைத் தொடாதவர்களும் நடந்தார்கள்.

வேலவன்

பதினான்கு நாள் எல்லை முப்பது ஆண்டுகள் ஒழுங்காகக் காக்கப்பட்டதற்குக் காரணம் அறமா, இயலாமையா? அதுவரை கருவை ஒரு வாரத்தை வெகுவாகத் தாண்டித் தட்டில் உயிரோடு வைக்க யாருக்கும் கைவரவில்லை. 2016இல் இரண்டு குழுக்கள் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் வரை வளர்த்துக் காட்டின. உடனே எல்லையைத் தள்ளி வைக்கலாமா என்று பேச்சு கிளம்பிவிட்டது. 2021இல் சர்வதேச ஸ்டெம் செல் ஆய்வுச் சங்கம் தன் வழிகாட்டுதலில், பதினான்கு நாளைத் தாண்டி வளர்ப்பதைத் 'தடை' பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எட்டாத வரைக்கும்தான் விரதம் போலிருக்கிறது.

கயல்விழி

இவ்வளவு நேரம் கருவைப் பற்றிப் பேசினீர்கள். கருமுட்டை மரத்திலா காய்க்கிறது? அது யாருடைய உடம்பிலிருந்து வருகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இந்த விவாதத்தில் பெண் எப்போதும் இப்படித்தான் காணாமல் போவாள்.

ஒரு சுழற்சியில் பல முட்டைகளை முதிரச் செய்ய, நாள்தோறும் ஹார்மோன் ஊசி போடுவார்கள். சிலருக்குச் சூலகம் அளவுக்கு மேல் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவரும். அரிதாக உயிருக்கே ஆபத்து. பிறகு பெண்ணுறுப்பு வழியாக ஊசியைச் செலுத்தி ஒவ்வொரு முட்டைப்பையாக உறிஞ்சி எடுப்பார்கள். குழந்தை வேண்டும் என்பவள் அந்த ஆபத்தைத் தன் பொருட்டு ஏற்கிறாள். ஆய்வுக்குக் கொடுப்பவளுக்கு மருத்துவப் பலன் என்று எதுவும் இல்லை.

தென்கொரியாவில் ஹ்வாங் வூ-சுக் என்ற ஆய்வாளர் செய்ததை நினைத்துப் பாருங்கள். 2004இலும் 2005இலும் 'சயின்ஸ்' இதழில், குளோனிங் முறையில் உருவாக்கிய மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுத்ததாகக் கட்டுரைகள் வெளியிட்டார். நாடே அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. 2006 ஜனவரியில் இரண்டு கட்டுரைகளும் திரும்பப் பெறப்பட்டன. செல் தொடர்கள் பொய். எல்லோருக்கும் நினைவில் நிற்பது அந்தப் பொய்தான். எனக்கு நினைவில் நிற்பது வேறு. அவருடைய ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்த இளம் பெண்களே முட்டை கொடுத்திருந்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தவர்களும் இருந்தார்கள். எல்லாம் சேர்த்து 2,000க்கும் மேற்பட்ட முட்டைகள். ஒரு பொய்க்காக.

அந்தப் பெண்கள் ஒப்புதல் கொடுத்தார்களே என்று யாராவது வருவீர்கள். தன் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டிய பேராசிரியர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது கொடுக்கப்படுவதற்கு ஒப்புதல் என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை.

அருள்தாஸ்

கயல்விழி அம்மா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியவில்லை. கரு வேண்டாம் என்பவர்களும் முட்டையைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

நெறியாளர்

மத நூல்களில் கருவுக்கு உயிர் வரும் நாள் எது என்ற பட்டிமன்றத்துக்காகச் சிலர் இட்ட பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்கு வேறு இழை இருக்கிறது. யாழினியின் குடும்பத்தைக் கேலி செய்த ஒருவருக்கு இனி இங்கே இடமில்லை.

மருத்துவர் பரிதி

இரத்த நோய்த் துறையில் இருப்பவன். இழையைப் படிக்கும் புதியவர்கள், ஸ்டெம் செல் என்றாலே ஏமாற்று என்று முடிவுகட்டிவிடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையை மனிதர்களுக்கு முதன்முதலில் செய்து பார்த்தவர்களில் ஒருவரான டொன்னால் தாமஸுக்கு 1990இல் நோபல் கிடைத்தது. அவருடைய ஆரம்பகால நோயாளிகளில் பலர் பிழைக்கவில்லை. நன்கொடையாளரின் செல்கள் நோயாளியின் உடம்பையே அந்நியமாக எண்ணித் தாக்கும் சிக்கல் இன்றைக்கும் எங்களை வாட்டுகிறது. ஆனால் இரத்தப் புற்று, தலசீமியா என்ற பரம்பரை இரத்தசோகை, மஜ்ஜைச் செயலிழப்பு எல்லாவற்றுக்கும் இது இன்று நிலைபெற்ற சிகிச்சை. 2023இல் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் அரிவாள் செல் நோய்க்கும் தலசீமியாவுக்கும் நோயாளியின் சொந்த இரத்த ஸ்டெம் செல்லை வெளியே எடுத்து, மரபணுவைத் திருத்தித் திரும்பச் செலுத்தும் முறைக்கு முதலில் பிரிட்டனில் அனுமதி கிடைத்தது; அமெரிக்காவில் அரிவாள் செல் நோய்க்கு அதே ஆண்டிலும் தலசீமியாவுக்கு 2024 ஜனவரியிலும் கிடைத்தது. முதல் வகை நீரிழிவில் 2025 நிலவரம்: ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த இன்சுலின் சுரக்கும் செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர், ஓராண்டுக்குப் பின் வெளியிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்ளத் தேவையில்லாமல் இருந்தார்கள். நான் மாணவனாக இருந்தபோது யாராவது இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

இப்போது மறுபக்கம். நீரிழிவுச் செல்களை உடம்பு தள்ளாமலிருக்க, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். மரபணு திருத்தும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் வைத்த விலை 22 லட்சம் டாலர். அதோடு, திருத்திய செல்லுக்கு இடம் ஒதுக்கப் பழைய மஜ்ஜையை வீரியமான மருந்தால் அழிக்க வேண்டும். குழந்தை பெறும் வாய்ப்பு அதில் பறிபோகலாம். இருபது வயதுகூட நிரம்பாத ஒருவரிடம் இதை எடுத்துச் சொல்லி ஒப்புதல் வாங்கும்போது, அவர் கண்ணைப் பார்த்துச் சொல்வதற்குப் பழகவே எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. படிவத்தில் அது ஒற்றை வரி.

ஸ்டெம் செல் உள்ள தொப்புள்கொடி இரத்தத்தைச் சொந்த உபயோகத்துக்கு என்று கட்டணம் கட்டிச் சேமிப்பது பற்றித் தனிச் செய்தியில் கேட்டவருக்கு: 1988இல் பாரிஸில் முதல்முறை பயன்பட்டபோதே அது நோயுற்ற சிறுவனின் சொந்த இரத்தம் இல்லை, தங்கையுடையது. மரபணு நோய் என்றால் குழந்தையின் சொந்தக் கொடி இரத்தத்திலும் அதே பழுது இருக்கும். பொது வங்கிக்குக் கொடுங்கள்.

யாழினி

எல்லோருக்கும் நன்றி. இந்த இழை முழுவதையும் அண்ணனுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இவர்கள் சொல்கிற முறையான ஆய்வு முடிவதற்குள் அப்பா இருக்கமாட்டார். ஆதாரம் இல்லை என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம். அப்பாவுக்கு இழக்க என்ன இருக்கிறது?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கயல்விழி

உங்கள் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. நம்பிக்கையை யாரும் விற்கலாம் என்று விட்டுவைத்திருப்பது நாம்தான். வாங்கப் போகிறவரை மட்டும் முட்டாள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

நுண்ணோக்கி

யாழினி, இழக்க நிறைய இருக்கிறது. எதிர்காலப் பரிசோதனை ஒன்றில் சேரும் வாய்ப்பு அதில் முதலாவது. சான்றில்லாத செல் ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பல பரிசோதனைகளில் சேர்ப்பதில்லை. எது எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாதே.

பார்க்கின்சனுக்கு நடக்கும் உண்மையான வேலையைச் சொல்கிறேன், அண்ணனே ஒப்பிட்டுக்கொள்ளட்டும். 2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வந்தன. கியோட்டோவில் 7 பேருக்கு ஐபிஎஸ் வழியில், அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 பேருக்குக் கரு ஸ்டெம் செல் வழியில். இரண்டிலும் செல்லை டோபமைன் நரம்புக்கு முந்தைய நிலை வரை ஆய்வகத்தில் பக்குவப்படுத்தி, மண்டையோட்டில் துளையிட்டு, மூளையின் ஆழத்தில் புட்டாமென் என்ற பகுதியில் நேராக வைத்தார்கள். ஓராண்டுக்கு மேல் கண்காணித்தார்கள். கட்டி வரவில்லை, செல்கள் உயிரோடு இருந்து டோபமைன் உண்டாக்குவது ஸ்கேனில் தெரிந்தது, சிலருக்கு அசைவில் முன்னேற்றம். செல் வைக்காமல் செய்யும் போலி அறுவையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த ஆய்வுகளில் இல்லை என்பதால், குணமாகிறது என்று அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை. கையில் ஊசி ஏற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் குணமாகும் என்கிறார்கள். யாரை நம்புவது?

என் வேலையைக் கொஞ்சம் சொன்னால் புரியும். ஊட்டநீர் இளஞ்சிவப்பாக இருக்கும். செல்கள் தின்று கழிவு சேரச் சேர மஞ்சளாகத் திரும்பும். ஞாயிறு என்றும் பாராமல் மாற்ற வேண்டும். செல்கள் கூட்டமாக வளரும் நல்ல திட்டுகளின் ஓரம் கத்தரித்ததுபோல் கூராக இருக்கும். ஓரம் கலைந்து பரவத் தொடங்கிய திட்டை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்துப் பிப்பெட் முனையால் சுரண்டி எறிவேன். கண்ணுக்குத் தெரிகிற கேடு அவ்வளவுதான். தெரியாதது எது தெரியுமா? வேகமாகப் பெருகும் செல் மற்றவற்றை முந்திக்கொள்ளும், அதுவே புற்றை நோக்கிய முதல் அடியாகவும் இருக்கலாம். 2017இல் 140 கரு ஸ்டெம் செல் தொடர்களைத் துருவியபோது 5 தொடர்களில், புற்றைத் தடுத்து நிறுத்தும் பி53 மரபணுவிலேயே மாற்றம் இருந்தது. அதனால்தான் குரோமோசோம்களை எண்ணுவதோடு மரபணு வரிசையையும் படித்துப் பார்க்கிறோம். ஜப்பானில் 2014இல் எழுபது வயது கடந்த ஒரு பெண்மணிக்குத் தன் தோலிலிருந்து உருவான விழித்திரைப் படலத்தை வைத்தார்கள், உலகில் முதல்முறை. அடுத்த நோயாளிக்கும் செல் தயாராகிவிட்டது. மரபணுவில் மாற்றங்கள் தென்பட்டன, வைக்காமல் நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்கு ஏற்றப்போகும் செல்லை யார், எதைப் பார்த்து, எப்போது நிறுத்துவார்கள் என்று அந்த மையத்தைக் கேளுங்கள்.

வேலவன்

முறையான நிறுவனம், முறையற்ற மையம் என்று கோடு போடுவது எனக்கு உறுத்துகிறது. அறுவை மருத்துவர் பாவ்லோ மக்கியாரினி எந்த முட்டுச்சந்தில் கடை வைத்திருந்தார்? ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்காவில் இருந்தார். நோபல் மருத்துவப் பரிசை முடிவு செய்பவர்கள் இருக்கும் இடம். 2011 முதல் நெகிழி மூச்சுக்குழாயில் நோயாளியின் மஜ்ஜைச் செல்களைத் தூவி, அது உயிருள்ள குழாயாகிவிடும் என்று சொல்லி நெஞ்சுக்குள் பொருத்தினார். அங்கே பொருத்திக்கொண்ட மூவரும் இறந்துபோனார்கள். விலங்குகளில் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்காத பொருள் அது. உள்ளேயிருந்தே நான்கு மருத்துவர்கள் புகார் கொடுத்தார்கள். 2015இல் நிறுவனம் அவரைக் குற்றமற்றவர் என்றது! தொலைக்காட்சியில் ஆவணப்படம் வந்த பிறகுதான் 2016இல் வேலையை விட்டு நீக்கினார்கள். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. அவருடைய நோயாளிகளில் உடனடி உயிராபத்து இல்லாதவரும் இருந்தார் என்பதை மறக்காதீர்கள்.

பெரிய பெயரைப் பார்த்துத்தான் அவர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

நுண்ணோக்கி

அதனால்தான் நிறுவனத்தின் பெயரைக் கேட்கச் சொல்லவில்லை, நிறுத்தும் அதிகாரம் யார் கையில் என்று கேட்கச் சொன்னேன். கரோலின்ஸ்காவில் அந்த அதிகாரம் இருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

அருள்தாஸ்

நுண்ணோக்கி ஒன்றைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டார். நான் அங்கேயே நிற்கிறேன். அமெரிக்கப் பார்க்கின்சன் ஆய்வின் செல்கள் எச்9 என்ற தொடரிலிருந்து வந்தவை. 1998இல் தாம்சன் உருவாக்கிய ஐந்து தொடர்களில் ஒன்று. அதாவது அன்று பிரிக்கப்பட்ட ஒரு கருவின் வழித்தோன்றல்கள் இன்று 12 பேரின் மூளைக்குள் இருக்கின்றன. இளவேனில் இதைக் கேட்டு மகிழ்வார். நான் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் தந்தைக்கு இந்த நோய் வந்தால் வேண்டாம் என்று சொல்வேனா? தெரியவில்லை.

ஐபிஎஸ் வந்ததும் கருச் சிக்கல் ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்தவன் நான். 2023இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஜேக்கப் ஹன்னா குழு, விந்தும் முட்டையும் இல்லாமல், ஸ்டெம் செல்களை மட்டும் சேர்த்துப் பதினான்கு நாள் கருவைப் போன்ற ஓர் அமைப்பை உருவாக்கிவிட்டது. அதே ஆண்டு ஜப்பானில் ஹயாஷி குழு ஆண் எலியின் செல்லிலிருந்து கருமுட்டையையே தயாரித்தது. 630 கருக்களில் 7 குட்டிகள் பிறந்தன. தோல் செல் கருநிலைக்குத் திரும்பும், கருநிலைச் செல் முட்டையாகும் என்றால், நான் காக்க வேண்டும் என்று நினைத்த எல்லை எங்கே இருக்கிறது? ஒவ்வொரு தோல் செல்லுக்குமா நான் வாதாடப்போகிறேன்?

இளவேனில்

மகிழவில்லை ஐயா. அந்தத் தம்பதியர் 1998க்கு முன் கருவைக் கொடுத்தபோது, அதன் செல்கள் ஒருநாள் வணிக நிறுவனத்தின் மருந்தாகி யாரோ ஒருவரின் மூளைக்குள் போகும் என்று நினைத்துப் பார்த்திருக்க முடியுமா? ஆய்வுக்குக் கொடுக்கச் சம்மதித்தவர்கள் எதற்கெல்லாம் சம்மதித்தார்கள்? கருவின் உரிமையைப் பற்றி உங்களோடு உடன்பட முடியாவிட்டாலும் இந்தக் கேள்வியில் நாம் ஒரே பக்கம்தான்.

கரு போன்ற அமைப்புகளைப் பற்றி: எலி, குரங்குச் செல்களால் செய்தவற்றை அந்தந்த விலங்கின் கருப்பையில் வைத்துப் பார்த்தபோதும் அவை குட்டியாக வளரவில்லை. வளராத வரை அதைக் கரு என்று சொல்லமாட்டேன். வளரும் என்று ஒருநாள் தெரிந்தால் அன்றே என் கட்சி மாறும். மனித அமைப்பில் அதைச் சோதித்துப் பார்க்கவே கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

கயல்விழி

ஆய்வகத்தில் முட்டை தயாராகும் காலம் வந்தால் பெண்ணுக்கு ஊசி மிச்சம் என்று ஒரு மனம் சொல்கிறது. முட்டை மலிந்துவிட்டால் கருப்பையை வாடகைக்குக் கேட்பவர்கள் பெருகுவார்கள் என்று இன்னொரு மனம் சொல்கிறது. இதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

யாழினி

அண்ணன் மையத்தில் கேட்டுவிட்டு வந்தார். ஒப்புதல் படிவத்தின் நகலையும் கேட்டு வாங்கிவந்தார். விளம்பரத் தாளில் "நிரூபிக்கப்பட்ட சிகிச்சை" என்று இருக்கிறது. படிவத்தின் கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், "இது பரிசோதனை நிலையிலுள்ள முறை என்பதை அறிவேன், பலன் கிடைக்காவிட்டாலும் பாதிப்பு நேர்ந்தாலும் மையத்தைப் பொறுப்பாக்கமாட்டேன், கட்டணத்தைத் திரும்பக் கோரமாட்டேன்" என்று இருக்கிறது. நெறிமுறைக் குழுவின் பெயர் எங்கும் இல்லை. செல்லை யார் சோதிப்பார்கள் என்று கேட்டதற்கு, "எங்கள் இயந்திரமே பார்த்துக்கொள்ளும்" என்றார்களாம்.

அண்ணன் பணம் கட்டவில்லை. ஆனால் முறையான பரிசோதனை எதிலாவது அப்பாவைச் சேர்க்க முடியுமா என்று கேட்கச் சொன்னார். அப்பாவுக்கு 74 வயது.

மருத்துவர் பரிதி

உண்மையான பரிசோதனையின் படிவத்தில் நேர்மாறாக இருக்கும் அம்மா: பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம், புகார் சொல்ல யாரை அழைப்பது என்பதெல்லாம் முன்பக்கத்துக்கு அருகிலேயே வரும்.

கியோட்டோ ஆய்வில் 50 முதல் 69 வயது வரை உள்ளவர்களையே எடுத்தார்கள். அடுத்த கட்டங்களிலும் வயது வரம்பு இருக்கும். 74 என்றால் கடினம் என்றே சொல்ல வேண்டும். மறைக்க விரும்பவில்லை. ஆனால் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரை எத்தனை மணிக்கு, உணவுக்கு எவ்வளவு முன்னால் என்று. புரதம் மிகுந்த உணவோடு சேர்ந்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாமல் போகும், நேரத்தை மாற்றினாலே சிலருக்கு நடை தேறும். இரண்டாவது, மூளையின் ஆழத்தில் மின்முனை வைக்கும் சிகிச்சைக்கு அவர் தகுதியானவரா என்று. வயது மட்டும் அதற்குத் தடையில்லை. நினைவாற்றல் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அவர் மருந்து சாப்பிடும் நேரத்தையும், கை கால் இறுகும் நேரத்தையும் ஒரு வாரம் குறித்து எடுத்துப் போங்கள். அண்ணனையும் உடன் அழைத்துப் போங்கள்.